கன்னத்து மிச்சம்

எங்க இடத்துல அவங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கிராம் அக்கா, அவ்வளவுதான். கேட்ல நிக்கற வாட்ச்மேன்ல இருந்து டாக்டரம்மா வரைக்கும் எல்லாருக்கும் கிராம் அக்காதான். நான் அங்க கஞ்சி காய்ச்சறவ. எனக்கும் ஒரு பட்டப் பேர் உண்டு, "கஞ்சி"ன்னு. யார் வச்சதுன்னு தனியா வேற சொல்லணுமா? வச்ச அன்னிக்கு ஒரு நாள் முழுக்க அவங்களோட பேசாம இருந்தேன். மறுநாள் வேற வழி இல்லாம பேசினேன், அவங்க உக்கார்ற தராசு மேஜையைத் தாண்டித்தான் என் அடுப்புக்குப் போகணும்.

முதல்ல எங்க வேலையைச் சொல்லிடறேன். இல்லன்னா நான் பேசறது தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒண்ணரை வயசு, ரெண்டு வயசு ஆகியும் எடை ஏறாத குழந்தைங்க இருக்குல்ல, தூக்கினா தலையணை மாதிரி லேசா இருக்குங்களே, அதுங்களுக்கு வீட்டுச் சாப்பாட்டோட சேத்துக் கூடுதலா ஊட்டறதுக்குச் சத்துமாவு தயார் பண்ணுவாங்க. மாவுல எவ்வளவு சத்தை வேணும்னாலும் கொட்டலாம். ஆனா குழந்தை வாயைத் தொறந்தாத்தானே? அதனால புது மாவு எது வந்தாலும், ஊருக்கெல்லாம் அனுப்பறதுக்கு முன்னாடி, எங்க கிட்ட வரும். பன்னெண்டு குழந்தைங்களுக்கு ஒரு மாசம் கொடுத்துப் பாப்போம். பிடிக்குதா, பிடிக்கலையா. பாக்கெட் மேல பேர் இருக்காது, கலர்ல ஒரு புள்ளி மட்டும் இருக்கும். நீலப் புள்ளி வந்தப்போ பாதிக் குழந்தைங்க மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. நான் சொல்லப் போறது மஞ்சள் புள்ளி வந்த மாசம் நடந்தது.

நான் காய்ச்சுவேன், அம்மாக்கள் ஊட்டுவாங்க, கிராம் அக்கா மிச்சம் நிறுப்பாங்க. மிச்சம் நிறுக்கறதுன்னா லேசுப்பட்ட வேலைன்னு நினைச்சுடாதீங்க. கிண்ணம், கரண்டி, கழுத்துல கட்டற துணி, வாய் துடைக்கற துணி, ஒவ்வொண்ணையும் முன்னாடியே நிறுத்து எழுதிக்கணும். கிண்ணத்துல அறுபது கிராம் கஞ்சி. இருபது நிமிஷம் டைம். மணி அடிச்சதும் எல்லாத்தையும் திருப்பி வாங்கி மறுபடி நிறுக்கணும். துணியில சிந்தினது, கரண்டியில ஒட்டினது, பாயில விழுந்ததை வழிச்சு எடுத்தது, எல்லாம் போக மீதிதான் குழந்தை வயித்துக்குள்ள போனதுன்னு கணக்கு. பாதிக்கு மேல உள்ள போயிருந்தா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.

இன்னொரு சட்டமும் உண்டு. நிறுக்கறவங்க மூஞ்சியில எதுவும் தெரியக் கூடாது. சிரிச்சா அம்மாக்காரி இன்னும் ரெண்டு வாய் திணிப்பா, முறைச்சா பயந்துக்குவா. ரெண்டுமே அளவைக் கெடுத்துடும். கிராம் அக்கா மூஞ்சி இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். கல்யாண வீட்டுலயும் அதே மூஞ்சிதான், சாவு வீட்டுலயும் அதே மூஞ்சிதான்.

அவங்க இங்க வர்றதுக்கு முன்னாடி நூல் மில்லுல இருந்தவங்க. கண்டு கண்டா நூல் நிறுக்கற வேலை. மில்லை இழுத்து மூடினாங்க, அக்கா மட்டும் தராசை விடல. வீட்டுக்காரர் டெய்லர். ஒருத்தர் அளக்கறவர், ஒருத்தர் நிறுக்கறவங்க, அந்த வீட்டுல சண்டை கூட அளந்துதான் நடக்கும்னு நான் கிண்டல் பண்ணுவேன். கையில ஒரு வெங்காயம் கொடுத்தா "எழுபத்திரெண்டு"ம்பாங்க. நான் விடாம தராசுல போட்டுப் பாப்பேன், எழுபத்துமூணு காட்டும். "தோல்ல மண்ணு இருக்குடி"ம்பாங்க. தேய்ச்சுட்டு வச்சா எழுபத்திரெண்டு! எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அந்த இருபது நிமிஷத்தைப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும், சிரிக்கக் கூடாது. பத்து மணி வெயில் எங்க ஹாலோட மங்கின கண்ணாடி ஜன்னல் வழியா உள்ள வரும்போது வெயிலா இருக்காது, பால் கலந்த தண்ணி மாதிரி ஆயிடும். பன்னெண்டு கிண்ணத்துல இருந்தும் ஆவி கிளம்பி ஃபேன் காத்துல ஒரே பக்கமா சாயும். பேச்சு தானா அடங்கிடும். கரண்டி கிண்ணத்துல படற சத்தம் மட்டும் இங்க ஒண்ணு அங்க ஒண்ணு கேக்கும். எடை இல்லாத குழந்தைங்க அவ்வளவா அழாதுங்க, அழறதுக்கும் தெம்பு வேணும்ல. தூரத்துல யாரோ கூப்பிடறதைக் கேக்கற மாதிரி கண்ணை அகலமா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். நான் சட்டி கழுவறதை விட்டுட்டு சமையல்கட்டு ஜன்னல்ல சாஞ்சு நிப்பேன். தூக்கமும் இல்ல, முழிப்பும் இல்ல, அப்படி ஒரு நிலை. எங்க கவலையெல்லாம் எங்கேயோ இறக்கி வச்சுட்டு வந்த மாதிரி இருக்கும்.

"எனக்கு இந்த ஹாலே ஒரு தராசுத் தட்டு மாதிரி தோணுதுடி"ன்னு ஒரு நாள் அக்கா சொன்னாங்க. "இந்தப் பக்கம் இவங்க பன்னெண்டு பேர். அந்தப் பக்கம் எதை வச்சா நேரா நிக்கும்னு யோசிக்கிறேன்."

"என் கஞ்சிச் சட்டியை வைங்க, நிக்கும்"னேன்.

மஞ்சள் புள்ளி ஆரம்பிச்ச திங்கக்கிழமை வந்தவதான் அந்தக் குட்டி. வயசு ஒண்ணேமுக்கால், எடை ஏழு கிலோ இருநூறு. அக்கா அதைத் தூக்கி எடை மேடையில வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கையிலயே வச்சிருந்தாங்க. அப்புறம் "குந்துமணி"ன்னாங்க. அந்தக் காலத்துல தங்கம் நிறுக்க வைப்பாங்களே, மிளகை விடக் கொஞ்சம் பெரிசா, சிவப்பு உடம்புல கறுப்பா ஒரு மூக்கு, அந்த விதை. இவளுக்கும் உடம்புல ஒண்ணும் இல்ல, கண்ணு மட்டும் கறுகறுன்னு. பேர் ஒட்டிக்கிச்சு.

அவ அம்மா சட்டைக் கம்பெனியில பொத்தான் தைக்கறவ. பொத்தான்காரின்னு சொல்லிக்குவோம். புருஷன் வெளிநாட்டுல, போன்ல மட்டும் குடும்பம் நடத்தறவன். பதினோரு மணி வரைக்கும்தான் கம்பெனியில பர்மிஷன், அதனால மணி அடிச்சதும் குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவா. ஓட்டத்துலயே வாழறவ. அவளைப் பாத்து ஒரு நல்ல வார்த்தை சொன்னவங்க யாரும் இல்ல. தடுப்பூசி போடற இடத்துல திட்டு, நாத்தனார் கிட்டத் திட்டு, பக்கத்து வீட்டுக்காரி வரைக்கும் "என்னம்மா, பிள்ளைக்குச் சோறே போடறதில்லையா"ன்னு ஒரு குத்து. போடறவளுக்குத்தானே அந்த வலி தெரியும்!

முதல் நாள் கிண்ணத்துல ஐம்பது கிராம் மிச்சம். ரெண்டாம் நாள் நாப்பது. மூணாம் நாள் காலி. துணி சுத்தம், கரண்டி சுத்தம், பாய் சுத்தம். சைபர்! அக்கா கிண்ணத்தை ரெண்டு தடவை நிறுத்தாங்க. அப்புறம் தலையை நிமித்தி பொத்தான்காரியைப் பாத்தாங்க. நான் ஜன்னல்ல இருந்து என் கண்ணால பாத்தேன், அக்கா சிரிச்சாங்க. உதட்டோரத்துல இம்மியூண்டுதான். ஆனா சிரிப்பு சிரிப்புதான். அந்தப் பொண்ணு மூஞ்சி அப்படியே மலர்ந்து போச்சு.

"என்னக்கா, சட்டம் எங்க போச்சு?"ன்னு அப்புறமா மடக்கினேன்.

"என்ன சட்டம்?"

"பல்லு தெரிஞ்சுது."

"கொட்டாவிடி"ன்னுட்டாங்க.

அன்னியில இருந்து தினமும் காலிக் கிண்ணம், தினமும் ஒரு கொட்டாவி. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரே குஷி. என் கஞ்சி ஆச்சே! மணி அடிச்சு அவங்க கிளம்பும்போது குந்துமணி கன்னம் ரெண்டும் புசுபுசுன்னு இருக்கும். "பாத்தீங்களா, கன்னம் வச்சிருக்கு. என் கைப்பக்குவம்"னு நான்தான் முதல்ல சொன்னேன். "ஆமாடி, உப்பித்தான் இருக்கு"ன்னு அக்காவும் சொன்னாங்க. பொத்தான்காரி ஒண்ணும் சொல்ல மாட்டா, குனிஞ்சுக்கிட்டே ஓடிடுவா. நாங்க ரெண்டு பேரும் அதை வெக்கம்னு நினைச்சோம். புத்திசாலிங்க!

எடை பாக்கறது வெள்ளிக்கிழமை. முதல் வெள்ளி அதே ஏழு இருநூறு. ரெண்டாவது வெள்ளி ஏழு நூத்தி அறுபது. மூணாவது வெள்ளி ஏழு எண்பது. கன்னம் ஏறுது, எடை இறங்குது! டாக்டரம்மா நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பாத்தாங்க.

"தினமும் அறுபது கிராம் முழுசா உள்ள போகுது. போயும் இறங்குதுன்னா உள்ள வேற ஏதோ இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும். அங்க தங்கி டெஸ்ட் எடுப்பாங்க. மூக்கு வழியா குழாய் போட்டுப் பால் விடுவாங்க. குறைஞ்சது மூணு வாரம்"னாங்க.

பெரிய ஆஸ்பத்திரி அடுத்த ஊர்ல இருக்கு. மூணு வாரம் அங்க போய் உக்காந்தா பொத்தான்காரிக்குக் கம்பெனியில திரும்ப இடம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவ அழல. குழந்தையோட மூக்கை ரெண்டு விரலால மெதுவா தடவிக்கிட்டே நின்னா. எனக்குத்தான் தாங்கல, சமையல்கட்டுக்குள்ள போய் சும்மா இருந்த சட்டியை எடுத்து மறுபடி தேய்ச்சேன்.

திங்கக்கிழமை வந்துச்சு. காலிக் கிண்ணம், கொட்டாவி, ஓட்டம், எல்லாம் வழக்கம் போல. அவங்க போனப்புறம் நானும் அக்காவும் கழுத்துத் துணியெல்லாம் அலசி கேட்டுக்குப் பக்கத்துக் கொடியில காயப் போட்டோம். வெயில் இதமா இருந்துச்சு. அக்கா ஈரத் துணியைக் கையில வச்சுக்கிட்டு தரையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. பாத்தா ஒரு எறும்பு வரிசை. கேட்டைத் தாண்டி, பஸ்ஸுக்கு நிக்கறவங்க உக்கார்ற பெஞ்சு வரைக்கும் போகுது.

"இந்தப் பக்கமா வர்ற எறும்பெல்லாம் கனமா வருதுடி"ன்னாங்க.

"எறும்பையும் நிறுக்க ஆரம்பிச்சாச்சா? போங்கக்கா, வேலை கிடக்கு."

அவங்க காதுல விழவே இல்ல. கனவுல நடக்கற மாதிரி அந்த வரிசை கூடவே போனாங்க. பெஞ்சுக்குப் பின்னாடி போய்க் குத்துக்கால் போட்டு உக்காந்தாங்க. அங்க யாரோ செருப்புக் காலால மண்ணைத் தள்ளி மூடின தடம். ஒண்ணு இல்ல, ஏழெட்டு இடத்துல. மேலாக்க மண்ணை ஒரு குச்சியால ஒதுக்கினா, இளமஞ்சளா, இன்னும் ஈரம் கூடக் காயாம, என் கஞ்சி.

அக்கா அதை ஒரு காகிதத்துல வழிச்சாங்க, மண்ணை முடிஞ்ச மட்டும் ஒதுக்கினாங்க, உள்ள கொண்டு போய்த் தராசுல வச்சாங்க. அவங்க வேற என்ன செய்வாங்க! நாப்பத்தி ஒண்ணு காட்டுச்சு.

"பன்னெண்டு குழந்தைங்க வருது. எதுன்னு எப்படித் தெரியும்?"னு கேட்டேன், தெரிஞ்சுக்கிட்டே.

"கன்னம்"னாங்க.

எனக்கு சுரீர்னுச்சு. கடைசி நாலஞ்சு கரண்டியைக் கன்னத்துல அடக்கிக்கிட்டுப் போயிருக்கு அந்தக் குட்டி. வெளிய போய் அதைத் துப்பும்போது குமட்டி, உள்ள போனதும் சேந்து வந்திருக்கு. கிண்ணம் நிறுத்தோம், கரண்டி நிறுத்தோம், துணி நிறுத்தோம், பாய் கூட வழிச்சு நிறுத்தோம். கண்ணு முன்னாடி புசுபுசுன்னு இருந்த கன்னத்தை மட்டும் பாத்துட்டு, என் கைப்பக்குவம்னு பீத்திக்கிட்டேன். எனக்கு ரெண்டு அறை கொடுத்துக்கலாமான்னு இருந்துச்சு.

அக்கா நோட்டைப் பிரிச்சாங்க. பதினோரு வருஷமா ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு அது. புதுசா யார் வந்தாலும் டாக்டரம்மா அதைக் காட்டித்தான் வேலை கத்துக் கொடுப்பாங்க. அதுல குந்துமணி பக்கத்துல பதினாலு சைபர்.

"அக்கா, இதை இப்போ கிளறாதீங்க"ன்னேன். "நாளையில இருந்து சரியா பாத்துக்கலாம். பழசு பழசாவே போகட்டும். உங்க பேர் என்ன ஆகும்?"

"இந்தச் சைபர் இருக்கற வரைக்கும் டாக்டரம்மா உள்ள நோய் இருக்குன்னுதான் நினைப்பாங்க. குழாய்தான் போடுவாங்க."

"அப்போ அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு நாலு வாங்கு வாங்கலாம். தெரிஞ்சேதான் மண்ணைப் போட்டு மூடியிருக்கா. ஏமாத்துக்காரி!"

"வாயை மூடுடி"ன்னாங்க. அப்படி ஒரு சத்தத்தை அவங்க கிட்ட நான் கேட்டதே இல்ல. அப்புறம் நாற்காலியில சாஞ்சு ஜன்னலைப் பாத்துக்கிட்டே பேச ஆரம்பிச்சாங்க. என் கிட்டப் பேசின மாதிரியே இல்ல.

"சின்ன வயசுல எனக்குச் சாப்பாடே இறங்காது. எங்கப்பா தட்டு காலியானாத்தான் எழுந்திரிக்க விடுவார். காலையில உக்காந்தா, வாசல்ல இருக்கற வெயில் நகந்து நகந்து என் தட்டுக்கிட்ட வரும், தட்டைத் தாண்டிப் போகும், நான் அங்கேயேதான் உக்காந்திருப்பேன். சோறு ஆறிக் கெட்டியாயிடும். அப்புறம் ஒரு வித்தை கத்துக்கிட்டேன். எல்லாத்தையும் கன்னத்துல அடக்கிக்கிட்டுக் குழாயடிக்குப் போய்த் துப்பிடுவேன். காலித் தட்டைப் பாத்து எங்கப்பா சிரிப்பார். சிரிக்காத மனுஷன். அந்தச் சிரிப்புக்காக எத்தனை நாள் துப்பியிருக்கேன் தெரியுமா? எனக்குத் தெரியாமப் போச்சேடி. ஊர்ல யாருக்குத் தெரியலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவங்க கண்ணுல தண்ணி இல்ல, எனக்குத்தான் கொட்டிக்கிட்டிருந்துச்சு.

சாயங்காலம் டாக்டரம்மா வர்றதுக்கு முன்னாடி அக்கா சிவப்புப் பேனாவை எடுத்தாங்க. ஸ்கேல் வச்சு, பதினாலு சைபரையும் ஒவ்வொண்ணா அடிச்சாங்க. ஓரத்துல எழுதினாங்க: "வாயைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது." டாக்டரம்மா அதை ரெண்டு தடவை படிச்சுட்டு நோட்டை மூடினாங்க.

"இந்தப் பக்கத்தை ஆய்வுல சேக்க முடியாது. பன்னெண்டு பதினொண்ணா ஆயிடும்"னாங்க.

"ஆகட்டும்மா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். ஏறணும். ஏறலைன்னா நான் அனுப்பித்தான் ஆகணும். குழந்தை தாங்காது."

செவ்வாய்க்கிழமை காலையில அக்கா கேட்லயே நின்னுட்டாங்க. பொத்தான்காரி அவங்க நிக்கற இடத்தைப் பாத்தா, பெஞ்சைப் பாத்தா. மூஞ்சி வெளிறிப் போச்சு.

"முதல் வாரமே தெரியும்கா"ன்னா. "கொஞ்சமாவது உள்ள தங்கும்னு நினைச்சேன். நான் சொல்லியிருந்தா நீங்களும் திட்டுவீங்க. காலிக் கிண்ணத்தைக் கொடுத்தா நீங்க சிரிப்பீங்க. நாள் பூரா எனக்கு அது ஒண்ணுதான்கா கிடைக்கும்."

திட்டணும்னு ராத்திரியே வார்த்தையெல்லாம் தேடி வச்சிருந்தேன். அதை விட்டுட்டு குழந்தையை வாங்கி என் இடுப்புல வச்சுக்கிட்டேன்.

"நான் சிரிச்சதுதான் தப்பு"ன்னு அக்கா அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இனிமே உன் கிண்ணத்துல எவ்வளவு மிச்சம் இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். நீ ஊட்டாதே. கீழே வச்சுட்டு நீ பாட்டுக்கு உக்காந்துரு. வீட்டுலயும் அப்படித்தான்."

"சாப்பிடலைன்னா?"

"சாப்பிடலைன்னு எழுதுவேன்."

அன்னிக்கு அந்த இருபது நிமிஷம் எனக்கு இருபது மணி நேரமா ஓடுச்சு. கிண்ணம் பாயில இருக்கு. குந்துமணி அதைப் பாக்கறா, அம்மாவைப் பாக்கறா. யாரும் வரல. பால் வெயில்ல கிண்ணத்து ஆவி மட்டும் மேல போய்க்கிட்டே இருக்கு. கடைசியில ஒரு விரலை விட்டா, எடுத்துப் பாத்தா, நக்கினா. மறுபடியும் ஒரு விரல். மணி அடிச்சப்போ மிச்சம் ஐம்பத்திநாலு. அக்கா எழுதிட்டு, குழந்தை முன்னாடி போய் உக்காந்து, "ஆ"ன்னு தன் வாயைத் தொறந்து காட்டினாங்க. அடைச்ச பல்லு, விழுந்த பல்லு எல்லாம் தெரிய. குட்டி உதட்டை இறுக்கி மூடிக்கிச்சு. கன்னம் தட்டையாத்தான் இருந்துச்சு.

புதன்கிழமை பத்தொன்பது கிராம் உள்ள போச்சு. அக்கா மறுபடி "ஆ". இந்த வாட்டியும் குந்துமணி வாயைத் தொறக்கல, ஆனா அக்கா வாய்க்குள்ள விரலை விட்டு இவங்க ஒழுங்கா முழுங்கினாங்களான்னு சோதனை போட்டா! ஹாலே சிரிச்சுது. அக்கா மட்டும் சிரிக்கல, விரலோடவே உக்காந்திருந்தாங்க. வியாழக்கிழமை கிண்ணத்தையே மடியில கவுத்துக்கிட்டு, துணியில சிந்தினது போக, இருபத்தியாறு உள்ள போச்சு. பாதி கூட இல்ல. சட்டப்படி பாத்தா என் கஞ்சி அவளுக்குப் பிடிக்கல. பிடிக்காட்டிப் போகட்டும், தங்கினா போதும்னு கும்பிட்டுக்கிட்டேன். நானும் அக்காவும் மூணு நாளும் பெஞ்சுக்குப் பின்னாடி போய்ப் பாத்தோம். எறும்பு வரிசை எங்கேயோ கலைஞ்சு போயிருந்துச்சு.

வெள்ளிக்கிழமை. எடை பாத்துட்டுத்தான் கஞ்சி. டாக்டரம்மா கதவுகிட்ட நிக்கறாங்க, கையில பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதின சீட்டு. நான் சமையல்கட்டை விட்டு வெளியவே வந்துட்டேன். பொத்தான்காரி குழந்தையோட சட்டையைக் கழட்டறா, பொத்தான் தைக்கற கை, ஒரு பொத்தானைக் கழட்ட அவ்வளவு நேரம் ஆச்சு. அக்கா எடை மேடையில ஒண்ணும் வைக்காம ஒரு தடவை பாத்தாங்க, சைபர். குந்துமணியைத் தூக்கி வச்சாங்க. முள் ஆடுச்சு. நின்னுச்சு. அக்கா அவளைத் தூக்கிட்டு, மேடையைத் துடைச்சுட்டு, மறுபடி வச்சாங்க. மூணாவது தடவையும் வச்சாங்க.

பொத்தான்காரி முள்ளைப் பாக்கல. அவ எப்பவும் போல அக்கா மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தா. அக்கா மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. சத்தியம் பண்ணின மாதிரி வச்சிருந்தாங்க. அதைப் பாத்ததும் அந்தப் பொண்ணு உடைஞ்சு போயிட்டா. புடவையால வாயைப் பொத்திக்கிட்டு, "போயிடுச்சாக்கா? எல்லாம் போயிடுச்சா?"ன்னு குலுங்கறா.

"ஏழு நூத்தி ஐம்பது"ன்னாங்க அக்கா. "எழுபது ஏறியிருக்கு."

சொன்ன குரல் கூட ஆடல. எனக்குக் கோவமான கோவம். இப்பக் கூடச் சிரிக்கலைன்னா வேற எப்போதான் சிரிப்பாங்க இந்த மனுஷி! டாக்டரம்மா சீட்டை ரெண்டா மடிச்சுக் கோட்டுப் பையில வச்சுக்கிட்டாங்க. பொத்தான்காரி அழுகையை நிறுத்தவும் தெரியாம, நம்பவும் தெரியாம, அக்கா மூஞ்சியையே பாக்கறா.

எடை மேடையில உக்காந்திருந்த குந்துமணியும் அக்காவைத்தான் பாத்துக்கிட்டிருந்தா. இன்னும் கஞ்சி வரல, கிண்ணம் வரல, யாரும் எதுவும் கேக்கல. அவளா, தலையைப் பின்னாடி சாய்ச்சு, அந்தச் சின்ன வாயை முழுசா தொறந்தா.

"ஆ."

உள்ள ஒண்ணும் இல்ல. நாலு பல்லும் ஒரு நாக்கும்தான். தொறந்த வாயை மூடாம அப்படியே காத்துக்கிட்டிருந்தா.

அக்காவுக்கு அதுக்கு மேல முடியல. மேஜை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு, சிரிப்பா அழுகையான்னு தெரியாத ஒரு சத்தத்தோட என் பக்கம் திரும்பினாங்க.

"ஏய் கஞ்சி, என்னடி மரம் மாதிரி நிக்கற? பிள்ளைக்குப் பசிக்குதாம்"னாங்க.

நான் அடுப்புக்கு ஓடினேன்.